முப்பத்தாறு பூத்தது, எழுபத்திரண்டு காய்த்தது

போன மாதம் ஆய்வு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. என்னை மறக்க முடியாமல் தவிக்கிறார்கள் போலிருக்கிறது என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, புது இயந்திரம் வந்திருக்கிறது, அதைப் பார்க்கத்தான் அழைத்திருக்கிறார்கள். ஒரு இலைத் துண்டை பிளேடால் நறுக்கி, வடிகட்டி, சாயம் சேர்த்து உள்ளே விட்டால், அந்தச் செடியின் செல்லில் எத்தனை செட் குரோமோசோம் இருக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் இரண்டு செடியை முடித்துவிட்டார்கள்.

"அண்ணா, இதையா நீங்க சர்வீஸ் பூரா ஒக்காந்து கண்ணால எண்ணிக்கினு இருந்தீங்க?" என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் திவ்யா கேட்டாள்.

கேள்வியில் மரியாதை இருந்தது. கூடவே கொஞ்சம் இரக்கமும் இருந்தது. மரியாதைக்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டேன். இரக்கத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் பெயர் முனிராஜ். அப்பா அம்மா இருவரும் ஜவளகிரிப் பக்கம் கூலி வேலை. நான் ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் பல்சக்கரங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தேன். பல் எண்ணுவதும் அதில் அடக்கம். பிறகு தளி சாலையில் இருந்த தாவர ஆய்வு நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. நேர்முகத்தில், "என்ன எண்ணிப் பழக்கம்?" என்று கேட்டார்கள். "பல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று வருடம் கண்ணாடிச் சில்லுகளை உடைத்ததைத் தவிர வேறு எதையும் நான் சாதிக்கவில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் கோமதி மேடம். திருநெல்வேலிக்காரர். ஓசூரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் நாலாபக்கமும் வந்து மோதியும், அவருடைய 'சொல்லுதேன்', 'பாக்கேன்' ஒரு எழுத்துகூட அசையவில்லை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. சரியில்லாத ஸ்லைடைக் கொண்டுபோய் நீட்டினால், மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தபடியே, "முனிராஜ், எண்ணுதீங்களா, எண்ணுத மாதிரி நடிக்கீங்களா?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து நான் செய்த வேலையை எந்தத் திட்டுக்கும் பயந்து செய்திருக்க மாட்டேன். ரொம்பக் கோபம் வந்தால் பேச மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டிபன் பாக்ஸை மூடிவிடுவார். என் காலத்தில் அது இரண்டு முறை நடந்தது. ஒன்று, மின்சாரம் போய் ஃபிரிட்ஜில் இருந்த விதைகள் கெட்டபோது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு செடியின் செல்லிலும் குரோமோசோம் என்ற நூல்துண்டுகள் இருக்கின்றன. அந்தச் செடி எப்படி வளர வேண்டும் என்பது அவற்றில்தான் எழுதியிருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் மட்டும் அவை தடித்து, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். அதிகமாகப் பிரியும் இடம் வேர்நுனி. வேர்நுனிக்கும் ஆபீஸ் மாதிரி ஒரு நேரம் உண்டு. எங்கள் ஊர் வெயிலுக்கு மணத்தக்காளியின் நேரம் காலை ஒன்பதரை. பத்தேகாலுக்குப் போனால் எல்லாம் கடையை மூடியிருக்கும். பஸ் லேட் என்ற காரணத்தை மேடம் ஒத்துக்கொண்டாலும் வேர் ஒத்துக்கொள்ளாது.

கிள்ளிய நுனியை, கழிப்பறையில் போடும் வெள்ளை உருண்டை இருக்கிறதே, அந்தச் சரக்கு கரைந்த தண்ணீரில் மூன்று மணி நேரம் போட வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அதில் அப்படியே திகைத்து நின்றுவிடும். அடுத்து, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்ததில் ஒரு நாள். மறுநாள் சிவப்புச் சாயத்தில் லேசாகச் சூடு காட்டி, கடுகில் பாதி அளவுக்கு நுனியை வெட்டி ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லு, அதன்மேல் மை ஒற்றும் தாள். கடைசியில் கட்டைவிரல். நேராக, மேலிருந்து கீழே அழுத்த வேண்டும். விரல் மயிரிழை பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், ஒரு நாள் உழைப்பு சப்பாத்தி மாவு மாதிரி சுருண்டுகொள்ளும். அழுத்தம் குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கூடினால் செல் உடைந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர்களோடு கலந்துவிடுவார்கள். எல்லாம் சரியாக வந்த ஒரு செல்லைத் தேடிப் பிடித்து, தாளில் ஒவ்வொன்றாக வரைந்து, எண்ண வேண்டும். என் மனைவி சரோஜாவிடம் யாராவது என் வேலையைக் கேட்டால், "கட்டவெரலால பூச்சி நசுக்கற வேலைங்க" என்பாள்.

மேடத்தின் ஆராய்ச்சி காட்டு மணத்தக்காளி. தமிழில் மணத்தக்காளி, கன்னடத்தில் கணிகெ சொப்பு, தெலுங்கில் காமஞ்சி என்று மூன்று பெயரோடு எங்கள் பக்கத்து வேலிகளில் எல்லாம் வளர்வது. பெயர் மட்டுமல்ல, எண்ணிக்கையும் மூன்று. ஜவளகிரிக் காட்டோர ஓடைகளில், நிழலில், சின்னப் பளபளப்பான கறுப்புப் பழத்தோடு நிற்பவற்றுக்கு இருபத்துநான்கு குரோமோசோம். தொழிற்பேட்டைகளைச் சுற்றி, கட்டட இடிபாட்டிலும் காய்ந்த மண்ணிலும் ஆரஞ்சுப் பழம் பழுப்பவற்றுக்கு நாற்பத்தெட்டு. வயலோரங்களில் மங்கலான கறுப்பில் பெரிய பழம் விடுபவற்றுக்கு எழுபத்திரண்டு. நாங்கள் பார்த்தவரை இப்படி. "எல்லா ஊர்லயும் இப்படித்தான்னு எழுதிராதீங்க" என்பார் மேடம். எழுதவில்லை.

ஏன் இந்தப் பெருக்கம் என்று ஒருமுறை கேட்டேன். செல் பிரியும்போது எப்போதாவது ஒரு தவறு நடந்துவிடுகிறது. நூல்கள் இரட்டித்துவிடும், செல் பிரிய மறந்துவிடும். மொத்தமும் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும்.

"தப்புதான் முனிராஜ். ஆனா நல்ல தப்பு. வீட்டுல சமையல் குறிப்பு நோட்டு ஒண்ணுதான் இருக்குன்னு வைங்க. அதுல யாரையும் கிறுக்க விடுவாங்களா? ரெண்டு இருந்துச்சுன்னா? ஒண்ணைப் பத்திரமா வச்சுக்கிட்டு, இன்னொண்ணுல எதை வேணா மாத்திப் பாக்கலாம்லா. காஞ்ச மண்ணுக்கு ஒரு குழம்பு, குளுருக்கு ஒரு குழம்பு. பாதிக்கு மேல வாயில வைக்க முடியாது, செடி செத்துரும். ஒண்ணு ரெண்டு தேறும். அதுதான் புதுசா ஒரு எடத்துல போயி குடியேறுது."

இனி அந்தச் செடி.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்பக்கம் தாஜுதீன் பாய் கேன்டீன் நடத்திவந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீர் சுற்றுச்சுவர் ஓரமாக ஓடும். அந்த ஈரத்தில் கறுப்புப் பழ மணத்தக்காளியும், நாலடி தள்ளிக் காய்ந்த மேட்டில் ஆரஞ்சுப் பழ மணத்தக்காளியும் நின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் பார்ப்பது அபூர்வம் என்பதால் நான் மாதம் ஒருமுறை போவேன். பாயின் பரோட்டா அங்கே இருந்தது தற்செயல்.

அந்த இரண்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புதர். உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. ஒரு பழம் இல்லை.

"அதைத் தொடாதீங்க சார். அது என் செடி" என்றார் பாய்.

"ஏன் பாய், என்ன விசேஷம்?"

"பூக்கும், கொட்டிடும். காய்க்கவே காய்க்காது. மத்ததெல்லாம் பழம் வந்துட்டா எலை முத்திப்போவுது. இது வருசம் பூரா தளதளன்னு கீரை குடுத்துக்கினே இருக்கு. சாம்பார்ல பாதி இதான்."

அன்று நான் சாப்பிட்ட சாம்பாரில் பாதி விஞ்ஞானம் என்பது அப்போது தெரியாது. பாயைக் கெஞ்சி இரண்டு கொப்பு வாங்கி வந்து மணலில் நட்டேன். வேர் விட்டது. ஒன்பதரை மணிக்குக் கிள்ளினேன். எண்ணினேன். முப்பத்தாறு.

முப்பத்தாறு என்று ஒரு மணத்தக்காளி எங்கள் கணக்கிலேயே இல்லை. ஸ்லைடைக் கொண்டுபோனேன். மேடம் வெகுநேரம் பார்த்தார். "எண்ணுதீங்களா" என்று ஆரம்பிக்கவில்லை. அதுவே எனக்குப் பாதிச் சம்பள உயர்வு மாதிரி இருந்தது.

"இருபத்துநாலுல பாதி எவ்வளவு?"

"பன்னெண்டுங்க."

"நாப்பத்தெட்டுல பாதி?"

"இருபத்திநாலு. ரெண்டும் சேந்தா முப்பத்தாறு. ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கிச்சுங்களா மேடம்?"

"பண்ணிக்கிடுச்சு. பிள்ளைதான் பாவம். மகரந்தம் உண்டாகணும்னா ஒவ்வொரு குரோமோசோமும் சோடி சேரணும். இங்க அப்பா வீட்டுப் பன்னெண்டுக்கும் சோடி கெடையாது. குழம்பிப்போயி மகரந்தம் பூரா சப்பையா வருது. அதான் பூக்குது, காய்க்கல. பாய் சாம்பார் நல்லாருக்கு."

சந்தோஷத்தில் முப்பது செல் எண்ணச் சொன்னார். அவருடைய சந்தோஷம் எப்போதும் எனக்குக் கழுத்துவலியாகத்தான் வந்து சேரும்.

அப்போது மேடம் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. மழை முடிந்த சமயம் பாயிடமிருந்து போன் வந்தது. குரலில் ஏமாந்த மனிதனின் வருத்தம்.

"சார், நம்ம செடி துரோகம் பண்ணிடுச்சு. ஒரு கெளையில பழம் வச்சிருக்கு."

பக்கத்துச் செடியின் கிளை உள்ளே நுழைந்திருக்கும் என்றார் மேடம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேரில் போனோம். மேடம் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, காய் இருந்த கொத்தில் முடிச்சுப் போட்டார். அங்கிருந்து நூலைக் கிளையோடு ஒட்டி, கணுக்கணுவாக, கீழே அடித்தண்டு வரை கொண்டுபோனார். அரை மணி நேரம் ஆனது. கேன்டீனில் சாப்பிட வந்தவர்கள் தட்டோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "அம்மா வேண்டுதல் நூல் கட்டறாங்க" என்று மற்றவருக்கு விளக்கினார்.

கிளை அந்தச் செடியுடையதுதான். அதே செடி, ஒரே ஒரு கிளை. அதன் இலை மட்டும் தடிப்பாக, கரும்பச்சையாக இருந்தது. ஐந்து காய்கள்.

மேடம் மெதுவாக எழுந்தார். "மொட்டுல ஏதோ ஒரு செல்லு பிரிய மறந்துருக்கும். முப்பத்தாறு ரெட்டிச்சா எழுபத்திரண்டு. இப்ப எல்லாத்துக்கும் சோடி இருக்கு. அதான் காய்க்குது. முனிராஜ், வயக்காட்டு எழுபத்திரண்டெல்லாம் என்னைக்கோ இப்படித்தான் பொறந்துருக்கும்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன். என் கண்ணு முன்னால ஒண்ணு பொறக்கும்னு நெனைக்கல." பிறகு உடனே, "பாப்போம். எண்ணாம ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார். யாரோ தவறாகப் பேசிவிட்டது போலவும், அவர் திருத்துவது போலவும் இருந்தது.

கிளையிலிருந்து சின்னக் கொப்பு ஒன்றை நட்டோம்; அழுகிவிட்டது. மேலும் வெட்டினால் காய் உதிரும் என்று பயம். பழுக்கும் வரை காத்திருப்பது என்று முடிவு. சரோஜாவின் பழைய கொசுவலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினேன். கொசுவலை கொசுவுக்குத்தான். கொண்டைக்குருவி இரண்டைக் கொண்டுபோனது. ஒன்று தானாக உதிர்ந்து சாக்கடைத் தண்ணீரோடு போனது. நாலாவதைப் பற்றிப் பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பழுத்து அழகா இருந்துச்சு சார். எப்டி இருக்குதுன்னு ஒண்ணு வாயில போட்டுட்டன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

மேடத்திடம் நாலாவதையும் குருவி தின்றதாகச் சொன்னேன். பாயைக் காப்பாற்றுவதற்காக. பொய்யில் இது சின்ன வகை.

மீதமிருந்தது ஒரு காய். நான் அடுத்த திங்களன்று பறிப்பதாகத் திட்டம். வியாழக்கிழமை காலை பாய் போனில் கத்தினார். தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். சுற்றுச்சுவர் ஓரம் முழுக்கச் சுத்தம் செய்கிறார்கள். காய்கறி வாங்கப் போய்விட்டு இப்போதுதான் அவர் வந்து பார்க்கிறார். நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது சுவர் மொட்டையாக நின்றது. இரண்டு பேர் அதற்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிடுங்கியதெல்லாம் ஒரு டிராக்டர் டிரெய்லரில் குவிந்து கிடந்தது. டிரைவர் கிளம்பத் தயாராக இருந்தார்.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே மேலே ஏறியிருந்தார். நானும் ஏறினேன். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"யாரு சார் நீவு? வண்டி மேல ஏன் ஏர்றீங்க?"

"ஒரு செடி தேடறோம்ங்க."

"என்ன செடி?"

"மணத்தக்காளி."

அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கு மார்க்கெட்டுக்குப் போங்க சார். ஒரு கட்டு வாங்கிக்குங்க."

அந்த ஆலோசனை எவ்வளவு நியாயமானது என்று அவருக்கு விளக்க நேரமில்லை. பார்த்தீனியமும் எருக்கும் பிளாஸ்டிக் பையும் கலந்த குவியலைக் கையால் தள்ளித் தள்ளித் தேடினோம். வெயில் ஏறிவிட்டது, செடிகள் துவள ஆரம்பித்திருந்தன. பாய்தான் முதலில் அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தார். "இங்க, இங்க!" நூலைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும் என்று, அதைத் தடவிக்கொண்டே கையை உள்ளே விட்டேன். கிளை இருந்தது, நசுங்கியிருந்தது. அதன் நுனியில் பாதி பச்சை, பாதி கறுப்பாக அந்த ஒரு காய். என் சட்டைப்பையில் வைக்கப் பயந்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் பைக் ஓட்டி வந்தேன். இதை எழுதக் கூடாது. போக்குவரத்துப் போலீசார் மன்னிக்கட்டும்.

முழுதாகப் பழுக்காத காயில் பதினான்கு விதை இருந்தது. பெரும்பாலும் சப்பை. மூன்று முளைத்தன. ஒன்று கழுத்தழுகி ஒரே நாளில் சாய்ந்தது. இரண்டாவதிலிருந்து வேர்நுனி எடுத்தேன்; வேரை இழந்த அதுவும் பிழைக்கவில்லை.

அந்த ஸ்லைடை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. ஒரே ஒரு செல்தான் தேறியது. அதில் எழுபது தெளிவாக இருந்தது. ஒரு ஓரத்தில் மங்கலாக ஏதோ. அது குரோமோசோமாகவும் இருக்கலாம், சாயத் துகளாகவும் இருக்கலாம். எழுபது என்று ஒரு மணத்தக்காளி இருக்க முடியாது. எழுபத்திரண்டாகத்தான் இருக்க வேண்டும். மேடம் ஓய்வு பெற இன்னும் பத்து வாரம்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் தன் கண்ணால் பார்த்ததை எழுதட்டும் என்று எனக்கு ஆசை. வரைபடத்தில் எழுபதை வரைந்தேன். பிறகு பென்சிலை எடுத்து இரண்டு கோடு சேர்த்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிகச் சின்ன இரண்டு கோடுகள் அவை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்லைடைப் பொருத்தினார். எண்ணினார். முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிப்பில்லாமல். மறுபடியும் எண்ணினார். கண்ணை எடுத்து, படத்தைக் கையில் எடுத்து, ஓரத்தில் இருந்த அந்த இரண்டு கோட்டின்மேல் விரலை வைத்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது.

படத்தை என் பக்கம் தள்ளினார். "செடி ரெட்டிச்சா அது புது இனம் முனிராஜ். நீங்க ரெட்டிச்சா அது பொய்."

"மேடம், உங்களுக்காகத்தான்..."

"எனக்காகன்னா எழுபதுன்னு எழுதியிருக்கணும்."

அன்று மாலை பஸ்ஸில் தளி சாலை முழுக்க எனக்குக் காது எரிந்தது. வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "நடிக்கறியான்னு அந்தம்மா இத்தனை வருசமா சும்மாதான் கேட்டாங்க. நீ நெசமாவே ஒரு நாள் நடிச்சிட்ட" என்றாள்.

மறுநாள் ராஜினாமா கடிதம் எழுதும் யோசனையோடு போனேன். மேடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேசைமேல் ஐந்து சின்னக் குப்பிகள். அ, ஆ, இ, ஈ, உ என்று ஒட்டியிருந்தார். ஒன்பதரைக்கு அவரே போய் வேர்நுனி கிள்ளி, ஐந்து வெவ்வேறு செடிகளிலிருந்து போட்டு வைத்திருந்தார். வயல் செடி, காட்டுச் செடி, பாய் செடியின் பழைய கொப்பு, எல்லாம் கலந்து. மூன்றாவது நாற்று, அதாவது கடைசி நாற்று, அதில் ஏதோ ஒன்று. எது எதில் என்ற சீட்டு அவருடைய மேசை இழுப்பறையில்.

"உங்களுக்கு எதுன்னு தெரியாது. அப்ப ஆசைப்பட முடியாதுல்லா? எண்ணுங்க."

எனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். ஒன்பது நாள் எண்ணினேன். கண் சோரும்போதெல்லாம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். தெளிவான செல்லுக்கு மட்டும் எண் எழுதினேன். சந்தேகம் என்றால் சந்தேகம். முடியவில்லை என்றால் 'எண்ண முடியவில்லை'. 'ஈ' குப்பியில் ஏழு செல் எழுபத்திரண்டு. இரண்டு செல் எழுபத்தொன்று அல்லது எழுபத்திரண்டு. நான்கு செல் எண்ண முடியவில்லை. மற்ற குப்பிகளையும் அப்படியே எழுதி, ஸ்லைடுகளோடு நீட்டினேன்.

மேடம் எழுபத்திரண்டுகளைப் பார்க்கவில்லை. 'ஈ'யில் எண்ண முடியவில்லை என்று நான் எழுதிய ஸ்லைடை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு எழுபத்திரண்டாத்தான் தெரியுது."

"எனக்குத் தெரியலைங்க மேடம்."

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். "ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குதுங்க. ரெண்டா, மூணான்னு என்னால சொல்ல முடியல."

"நான் சொல்லுதேன்லா, எழுபத்திரண்டுன்னு?"

"நீங்க சொன்னாலும் எனக்குத் தெரியலைங்க."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப தெரியலைன்னே இருக்கட்டும்" என்றார். இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஈ: டிராக்டர் நாற்று.

அது எனக்கு வைத்த சோதனையா, இல்லை அவருக்கும் வந்த ஆசையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அன்று மதியம் அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து பாதிப் புளியோதரை என் தட்டுக்கு வந்தது. சொதப்பலான புளியோதரை, முழுவதும் சாப்பிட்டேன்.

அந்த நாற்று நிலையத் தோட்டத்தில் வளர்ந்தது. பூத்தது, மகரந்தத்தில் சாயம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கொழுகொழுவென்று நிறைந்திருந்தது. காய்த்தது. விதையை எடுத்து மறுபடி விதைத்தோம், அவையும் காய்த்தன. ஓய்வு பெற்ற பிறகும் மேடம் இதற்காகவே ஓசூரில் தங்கியிருந்தார். மேடம் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எண்ண முடியாத செல்களின் கணக்கும் அதில் இருந்தது. நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரை முனிராஜு என்று அச்சடித்துவிட்டார்கள். உகரம் ஒன்று கூடிவிட்டது என்று மேடம் கேலி செய்தார்.

திருநெல்வேலிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு தூக்கு நிறையப் பழம் பறித்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்குப் போனார். மஞ்சள் சுவரை ஒட்டிச் சிமென்ட் போட்டுவிட்டிருந்தார்கள். கேன்டீனில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. பாய் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து, ஒரு பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சுவைத்தார்.

"எப்படி இருக்கு பாய்?" என்றார் மேடம்.

"பழம் பரவால்லீங்க மேடம். கீரைதான், நம்ம பழைய செடி அளவுக்கு வராது."

மேடம் சிரித்தார். இத்தனை வருடத்தில் ஆராய்ச்சிச் செடி எதையும் அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று ஒரு பழத்தை எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, தின்றார். என்னிடமும் ஒன்றை நீட்டினார். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு. விதை பல்லில் மாட்டிக்கொண்டது.

"பாய், இந்தச் செடி வேற எங்கயும் கெடையாது தெரியுமா?" என்றார். "எங்க தோட்டத்துல ஒரு பாத்தி இருக்கு. அது போக, இப்ப நம்ம மூணு பேரு வயித்துல இருக்கு. அவ்வளவுதான்."

பாய் இன்னொரு பழத்தைப் போட்டுக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கவலப்படாதீங்க மேடம். நாளைக்குக் காலையில ஓசூரு பூரா போயிடும்."

மேடத்துக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.